வளரிளம் பிள்ளைகளோடு கலை வழியாகப் பழகுவது: புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு

"எனக்கு ஓரளவு வரைய வரும், ஹோம்ல இருக்கிற பசங்களுக்கு வாராவாரம் போய்ச் சொல்லித்தரணும்னு ஆசை, எப்படி ஆரம்பிக்கிறது?" என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். பறை அடிப்பவர்கள், வீதி நாடகம் போடுகிறவர்கள், கேமராவும் கையுமாகச் சுற்றுகிறவர்கள், ஐடி வேலையில் இருந்துகொண்டு சனிக்கிழமைகளில் உருப்படியாக ஏதாவது செய்ய நினைக்கிறவர்கள் என்று பல பக்கத்திலிருந்தும் இந்தக் கேள்வி வருகிறது. பதில் ஒரு வரியில் அடங்காது என்பதால் அடிப்படையிலிருந்தே சொல்கிறேன். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துத்தான் எழுதுகிறேன், சட்டங்கள் மட்டும் இந்தியா முழுக்கப் பொது.

விஷயம் இவ்வளவுதான். பெரியவர் ஒருவர், காசு வாங்காமல், வாராவாரம் அதே நாளில் அதே நேரத்துக்கு வந்து, அதே பிள்ளைகளோடு உட்கார்ந்து ஏதோ ஒன்றைச் செய்கிறார். ஒரு படம், ஒரு முகமூடி, பறையில் ஒரு அடி, நாடகத்தில் ஒரு காட்சி, எதுவாகவும் இருக்கலாம். செய்துகொண்டிருக்கும்போதே பேச்சு வருகிறது, சில நாள் வருவதில்லை. மாதங்கள் போகப் போக அந்தப் பிள்ளைக்கு வீட்டார், ஆசிரியர், வார்டன் இவர்களைத் தவிர இன்னொரு பெரியவர் கிடைக்கிறார், அவர் மார்க் போடுவதில்லை, அடிப்பதில்லை, சொன்ன நாளில் வந்துவிடுகிறார். நிறுவனங்கள் இதை மென்டாரிங் என்று எழுதும். பிள்ளைகளுக்கு நீங்கள் அண்ணா அல்லது அக்கா.

எந்தப் பிள்ளைகள்?

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைதான், மீசை முளைத்திருந்தாலும் சரி. சட்டம் இரண்டு வகையைச் சொல்கிறது. ஒன்று, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்: பெற்றோர் இல்லாதவர்கள், பெற்றோர் இருந்தும் வளர்க்க முடியாத நிலையில் இருப்பவர்கள், வேலைத்தலங்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள், குழந்தைத் திருமணத்தைத் தடுத்துக் கூட்டிவரப்பட்ட பெண்பிள்ளைகள், வீட்டை விட்டு ஓடிவந்து ரயில் நிலையத்தில் தனியாக நின்றவர்கள். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின் பேரில் இவர்கள் இல்லங்களில் தங்குகிறார்கள். இன்னொன்று, சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்: ஏதோ ஒரு குற்றம் செய்ததாக வழக்கு இருப்பவர்கள். இவர்கள் வழக்கை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். விசாரணை முடியும்வரை சிலர் கூர்நோக்கு இல்லத்தில் இருப்பார்கள். சென்னையில் கெல்லீஸ் பக்கம் போனவர்கள் அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள்.

ஆனால் இந்த இரண்டிலும் சேராத பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். சென்னையின் நடுவிலிருந்து பெயர்த்து நகரத்தின் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள், பாதி வருஷம் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது பள்ளியில் பெயர் நீக்கப்பட்டிருக்கும் பிள்ளைகள், அப்பா குடித்துவிட்டு வரும் நேரத்துக்கு முன்னால் தம்பி தங்கையைத் தூங்கவைத்துவிட வேண்டும் என்று கணக்குப் போடும் பத்தாம் வகுப்புப் பெண்கள். இவர்களைச் சந்திக்க எந்த இல்லத்துக்கும் போக வேண்டியதில்லை, உங்கள் பகுதியில் இருக்கும் இரவுப் பாடசாலையோ நூலகமோ போதும்.

கலை எதற்கு?

பதினைந்து வயதுப் பையனை எதிரே உட்காரவைத்து, "சொல்லுப்பா, என்ன பிரச்சினை?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்லண்ணா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பெரியவர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பது அவனுக்குப் புதிதில்லை, போலீஸ் கேட்டிருக்கும், நலக் குழு கேட்டிருக்கும், ஹெட்மாஸ்டர் கேட்டிருப்பார், ஒவ்வொரு முறையும் பதிலுக்கு ஏதோ ஒரு விலை இருந்திருக்கும். அதே பையனிடம் ஒரு உருண்டைக் களிமண்ணைக் கொடுத்து, நீங்களும் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் நிலைமை வேறு. கைக்கு வேலை இருக்கிறது, யாருடைய கண்ணையும் பார்க்க வேண்டாம், பேச்சு நின்றுபோனாலும் சங்கடம் இல்லை, களிமண் இருக்கிறதே.

இரண்டாவது, கலை ஒரு மறைவு தருகிறது. கூத்தில் கோமாளியாக வந்து கதையை நடத்தும் கட்டியங்காரன் மேடையேறிவிட்டால் ராஜாவையே கேலி பண்ணலாம், ஊர்ப் பெரிய மனிதர்களை இழுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் பேசுவது வேஷம். பிள்ளைகளுக்கும் அந்த உரிமை வேண்டியிருக்கிறது. "நான் பயப்படுறேன்" என்று சொல்ல முடியாத பெண், தான் செய்த காகித முகமூடியை வைத்துக்கொண்டு "இந்தக் குரங்குக்கு ராத்திரின்னா பயம்" என்று சொல்லிவிடுவாள். அதற்குமேல் நீங்கள் தோண்டக் கூடாது. குரங்கைப் பற்றி மட்டும்தான் கேட்க வேண்டும்: அதுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும், பயம் வந்தா யாரைக் கூப்பிடும்?

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு ஒரு நாளில் தானாக முடிவெடுக்கக் கிடைக்கும் விஷயங்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். எழுவதும் குளிப்பதும் சாப்பிடுவதும் மணி அடித்து, சட்டை யாரோ கொடுத்த மூட்டையிலிருந்து, டிவியில் எந்தச் சேனல் என்பது வார்டன் முடிவு. அப்படி இருக்கும் ஒருவரின் கையில் வெள்ளைத் தாளைக் கொடுத்து, வானத்துக்கு என்ன நிறம் வேண்டுமானாலும் அடி என்பது சின்ன விஷயம் இல்லை. சில பிள்ளைகள் முதலில் திணறிப்போவார்கள், "நீங்களே சொல்லுங்கண்ணா" என்பார்கள். சொல்லாதீர்கள். காத்திருங்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு, பள்ளிப்படிப்பை விட்டுவிட்ட தலித் பெண்பிள்ளைகளுக்குப் பறையும் நாட்டுப்புற ஆட்டங்களும் கற்றுக்கொடுத்து வருகிறது. சாவு வீட்டு மேளம் என்று ஒதுக்கப்பட்ட, அதுவும் ஆண்கள் மட்டுமே அடித்துவந்த பறையை ஒரு பெண்பிள்ளை தோளில் மாட்டிக்கொண்டு ஊர் நடுவில் நிற்கும்போது அவள் நிற்கும் விதமே மாறிவிடுகிறது. அதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையில் 2005இலிருந்து நாளந்தாவே என்ற அமைப்பு ஏழைப் பிள்ளைகளிடம் நாடகம், ஓவியம், இசை வழியாக வேலை செய்கிறது. மதுரைக்காரரான புகைப்படக் கலைஞர் பழனிகுமார், தூய்மைப் பணியாளர், மீன் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துத் தங்கள் தெருவைத் தாங்களே படமெடுக்க வைக்கிறார். மூன்றுமே வருஷக்கணக்கில் நடப்பவை. ஒருநாள் ஒர்க்ஷாப்பில் இதெல்லாம் நடக்காது.

வருவதுதான் வேலை

புதியவர்களிடம் நான் முதலில் கேட்பது "என்ன கலை தெரியும்?" என்று இல்லை. "அடுத்த தீபாவளிக்கும் இதே ஊரில் இருப்பீர்களா?" என்றுதான். ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பு 1904இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. அதில் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வருஷமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில் பிள்ளைகளுக்குக் கிடைத்த நன்மை அதிகம். காலம் குறையக் குறைய நன்மையும் குறைந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் கீழே போயிருந்தது. அதாவது, யாரும் வராமலே இருந்திருந்தால்கூடத் தேவலை என்ற நிலை.

இதை இங்கே பொருத்திப் பார்ப்பது கஷ்டமில்லை. ஏற்கெனவே ஒருவரோ பலரோ விட்டுவிட்டுப் போன பிள்ளை அது. நீங்கள் ஐந்து வாரம் வந்து சிரித்துப் பேசிவிட்டு, ப்ராஜெக்ட் டெட்லைன் என்று காணாமல் போனால், "நம்மகிட்ட ஏதோ குறை இருக்கு, அதான் யாரும் நிக்கறதில்லை" என்று அது ஏற்கெனவே போட்டுவைத்திருக்கும் கணக்குக்கு நீங்களும் ஒரு சாட்சி ஆகிறீர்கள். ஆகவே ஒரு வருஷம் முடியும் என்றால் வாருங்கள். வாரம் ஒருமுறை முடியாவிட்டால் மாதம் இருமுறை வாருங்கள், ஆனால் சொன்ன நாளில் வாருங்கள். வர முடியாத வாரம் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள், அது பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பல இடங்களில் தகவல் ஆபீஸ் மேசையோடு நின்றுவிடும், பிள்ளைகள் கேட் பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

பிறந்தநாளுக்கு ஹோமுக்குப் போய் பிரியாணி போட்டு, கேக் வெட்டி, பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து போட்டோ எடுத்துக்கொண்டு வரும் வழக்கம் நம் ஊரில் நன்றாக வேர் பிடித்திருக்கிறது. கொடுப்பவர்களின் மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் பிறந்தநாளுக்குக் கைதட்டிப் பாட்டுப் பாடிவிட்டு, தன் பிறந்த தேதியே சரியாகத் தெரியாத ஒரு பிள்ளை சாப்பிட உட்காருவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அந்தச் சோறு இறங்காது. நீங்கள் செய்யப்போகும் வேலை இதற்கு நேர் எதிரானது. கொண்டாட்டம் குறைவு, தொடர்ச்சி அதிகம்.

சிகிச்சை வேறு, இது வேறு

கலைவழிச் சிகிச்சை என்று தனியே ஒரு தொழில் இருக்கிறது, அதற்கு வருஷக்கணக்கில் படிப்பும் மேற்பார்வையோடு பயிற்சியும் தேவை. நீங்கள் அது இல்லை. படத்தைப் பார்த்து மனசைப் படிக்கும் வேலையில் இறங்காதீர்கள். கறுப்பு அடித்தால் சோகம், சிவப்பு அடித்தால் கோபம் என்று இணையத்தில் சுற்றும் விளக்கங்களை மறந்துவிடுங்கள்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஒரு பையன் தாள் முழுக்க முதலில் மஞ்சள் கிரேயானை அழுத்தித் தேய்த்தான், அப்புறம் அதன் மேலேயே கறுப்பை ஓரம் விடாமல் பூசினான். பக்கத்தில் இருந்த புதுத் தன்னார்வலர் என்னைக் கவலையோடு பார்த்தார். பையன் சட்டைப் பையிலிருந்து உடைந்த சீப்புத் துண்டு ஒன்றை எடுத்தான், கறுப்பைச் சதுரம் சதுரமாகச் சுரண்ட ஆரம்பித்தான். அடியிலிருந்து மஞ்சள் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. "நைட் பஸ்ணா. எங்க ஊருக்குப் போறது" என்றான். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. "டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஜன்னல் ஒண்ணு விட்டுப்போச்சே" என்றேன். "அங்க ஒருத்தர் தூங்குறார்ணா, லைட் அணைச்சிட்டாங்க" என்றான். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு, அதற்குமேல் அவசியமும் இல்லை.

இந்த வேலைக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் ஃபிரீடல் டிக்கர் பிராண்டைஸைச் சொல்வேன். வியன்னாவில் பிறந்த ஓவியர், யூதர். 1942இல் நாஜிகள் அவரைச் செக் நாட்டிலிருந்த டெரசின் முகாமுக்கு அனுப்பினார்கள். உடைமைகளாகக் கொஞ்சம்தான் எடுத்துப்போக முடியும் என்ற நிலையில் அவர் ஓவியப் பொருட்களையும் எடுத்துப்போனார், முகாமில் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு ஒளித்து மறைத்து வகுப்பு எடுத்தார். தாள் கிடைக்காதபோது ஆபீஸ் படிவங்களின் பின்பக்கத்தில் வரைந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பெயரை எழுத வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமில் கொல்லப்பட்டார். போவதற்கு முன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி மறைத்து வைத்துவிட்டுப் போனார், அவை இப்போது பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பிழைக்கவில்லை. கலைவழிச் சிகிச்சையை ஒரு துறையாக வளர்த்தவர்களில் ஒருவரான ஈடித் கிராமர் இவருடைய மாணவி. ஃபிரீடல் வகுப்பில் பிள்ளைகள் கற்றது நிறமும் கோடும் தாளமும்தான். அதைத்தான் அவர் முழு அக்கறையோடு கற்றுக்கொடுத்தார். நீங்களும் உங்கள் கலையை அரைகுறையாகச் சொல்லித்தராதீர்கள், "பாவம் பசங்க" என்று எதையும் ஆஹா ஓஹோ என்று புகழாதீர்கள், பொய்ப் பாராட்டைப் பதின்வயதுப் பிள்ளை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். "இந்தக் கை எப்படி இவ்வளவு நல்லா வந்துச்சு? முகத்தை ஏன் அவசரமா முடிச்ச?" என்று கேட்டால் அது மரியாதை.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஒன்றரை மணி நேரம் போதும். ஆரம்பமும் முடிவும் எல்லா வாரமும் ஒரே மாதிரி இருக்கட்டும்: வட்டமாக உட்கார்ந்து ஒரு விளையாட்டு, கடைசியில் அதே வட்டத்தில் ஒரு தாளத்தைக் கைமாற்றி முடிப்பது, இந்த மாதிரி. வெளியே எல்லாம் நிச்சயமில்லாத பிள்ளைகளுக்கு, இங்கே அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே பெரிய நிம்மதி. நடுவில் இருக்கும் ஒரு மணி நேரம்தான் வேலை. கலந்துகொள்ள விருப்பமில்லாத பிள்ளை ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், அதற்காக யாரும் அதைச் சீண்டக் கூடாது. இப்படி வேடிக்கை பார்த்தவர்கள் சில மாதம் கழித்துத் தாளை நீட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என்ன வரையச் சொல்வது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். "உன் குடும்பத்தை வரை", "அம்மாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்" என்பதெல்லாம் பள்ளியில் சாதாரணம், இங்கே வேண்டாம். அதற்குப் பதிலாக, நடக்க முடியாததை வரையலாம்: கடலுக்கு அடியில் ஓடும் டவுன் பஸ், பேசத் தெரிந்த தெருநாய், ஒரே நாளில் வளர்ந்துவிட்ட முருங்கைமரம். கானா தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அன்றைக்கு மெனுவில் இருந்த சாம்பாரைப் பற்றிப் பாட்டுக் கட்டச் சொல்லுங்கள், கொட்டித் தீர்த்துவிடுவார்கள். கண்ணைக் கட்டி ஆடும் விளையாட்டு, விளக்கை அணைப்பது, ஒருவரை ஒருவர் தொடச் சொல்லும் நாடகப் பயிற்சிகள் இவற்றைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். யாருக்கு இருட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது.

நாடகக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பிரேசில் நாட்டுக்காரரான அகஸ்டோ போவால் 1970களில் உருவாக்கிய ஃபோரம் தியேட்டர் முறை இந்த வயதுக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு சிக்கலைக் காட்சியாக நடித்துக்காட்டி, பார்வையாளர் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, அந்தப் பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு மாதிரி செய்து பார்ப்பது. பஸ்ஸில் ஒருவன் இடிக்கிறான், கடைக்காரர் சாதியைக் கேட்கிறார், கூட்டாளி சிகரெட்டை நீட்டுகிறான் என்று எல்லோருக்கும் பொதுவான சிக்கல்களை எடுங்கள். ஒரு பிள்ளையின் சொந்தக் கதையை அந்தப் பிள்ளையையே நடிக்கவைக்காதீர்கள். அழுகை வந்தால் நாடகம் வெற்றி என்று நினைக்கும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். அன்று ராத்திரி அந்தப் பிள்ளை தனியாகப் படுக்கையில் கிடக்கும்போது அவர்கள் அங்கே இருக்கப்போவதில்லை.

பொருட்கள் விஷயத்திலும் கவனம். பென்சில் சீவ பிளேடு வேண்டாம், ஷார்ப்னர் போதும், அதிலும் பிளேடு கழன்று வராத வகை. கத்தரிக்கோலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும், தன் கையைத் தானே கீறிக்கொள்ளும் பிள்ளைகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் போன்றவை போதைக்காக முகரப்படுகிறவை, அவற்றை உள்ளே கொண்டுபோகவே கூடாது. தண்ணீரில் கரையும் பசை எடுத்துப்போங்கள். சின்னக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் ஸ்கெட்ச் பேனாக்களைப் பதினாறு வயதுக்காரர்களிடம் நீட்டாதீர்கள், அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். கரித்துண்டு, நல்ல தாள், அசலான பறை, அசலான கேமரா என்று பெரியவர்கள் புழங்கும் பொருளைக் கொடுத்தால் அவர்கள் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

பிள்ளை எதையாவது சொல்லிவிட்டால்?

ஒரு நாள் சொல்லும். நீங்கள் தூரிகையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, எதிர்பாராத நேரத்தில், யாரோ தனக்குச் செய்ததைப் பற்றி ஒரு வரி. இதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

பதறாதீர்கள், முகத்தில் அருவருப்பையோ கோபத்தையோ காட்டாதீர்கள். "நீ சொன்னது நல்லது, இதுல உன் தப்பு எதுவும் இல்லை" என்று சொல்லுங்கள். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற உங்களால் முடியாது. "உன்னைப் பத்திரமா வெச்சுக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லியாகணும், யாருன்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்பதுதான் நேர்மையான பதில். எப்போது, எங்கே, எத்தனை முறை என்று விசாரணை நடத்துவது உங்கள் வேலை இல்லை. வெளியே வந்ததும் பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று சந்தேகம் வந்தாலோ, யாராக இருந்தாலும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. நல்ல எண்ணத்தோடு தெரிவித்தவருக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. உங்கள் அமைப்பில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். குற்றம் சாட்டப்படுபவர் அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருப்பவர் என்றால் உள்ளுக்குள் பேசித் தீர்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு நேராகப் பேசுங்கள். பாலியல் விஷயம் இல்லாமல், சாகலாம் போல இருக்கு என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையும் அதே நாளில் பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும், அதுவரை பிள்ளையைத் தனியே விடக் கூடாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது.

எல்லைக்கோடுகள்

இந்தப் பகுதி சிலருக்குக் கடுமையாகத் தெரியும். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள், எப்போதும் இன்னொரு பெரியவர் பார்வை படும் இடத்தில் இருங்கள். சொந்த போன் நம்பர், இன்ஸ்டா ஐடி எதையும் கொடுக்காதீர்கள். பைக்கில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், ஒருவருக்கு மட்டும் பரிசு வாங்கிக் கொடுக்காதீர்கள், காசு கொடுக்காதீர்கள். உங்கள்மேல் சந்தேகம் என்பதால் இல்லை. நல்லவர் வேஷத்தில் வருபவர்களும் இதே பாசம், இதே பரிசு, இதே லிஃப்ட் என்ற வழியில்தான் வருகிறார்கள். நல்ல பெரியவர் என்றால் விதியை மீறமாட்டார் என்று பிள்ளை உங்களைப் பார்த்துப் பழகிவிட்டால், நாளைக்கு மீறுகிற ஒருவரை அதனால் அடையாளம் காண முடியும்.

போட்டோ வேண்டாம். சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, இந்தப் பிள்ளைகளின் பெயர், முகம், பள்ளி என்று அடையாளம் தெரிய வைக்கும் எதையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதுகைக் காட்டி எடுத்தேன், முகத்தில் ஸ்மைலி ஒட்டினேன் என்பதெல்லாம் சமாளிப்பு, தெரிந்தவர்களுக்குச் சட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். படத்தில் பிள்ளை தன் பெயரை எழுதட்டும், கட்டாயம் எழுத வேண்டும், அந்தப் படம் அதன் சுவரிலோ அதன் பெட்டியிலோ இருக்கட்டும். உங்கள் வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்கு அது வரக் கூடாது. ஓவியத்தை விற்கவோ கண்காட்சியில் வைக்கவோ நினைத்தால் வரைந்தவரிடம் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், காசு வந்தால் அது யாருக்கு என்பதை முன்னாலேயே பேசி எழுதி வைக்க வேண்டும்.

"ஏன் இங்க வந்த?", "என்ன கேஸ்?" என்று கேட்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கே சேர்வது?

நேராக ஒரு ஹோம் வாசலில் போய் நிற்காதீர்கள். ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் அமைப்போடு சேருவதுதான் நல்லது, பயிற்சியும் கிடைக்கும், தடுமாறும்போது கேட்க ஆளும் இருக்கும். தனியாகத்தான் செய்ய வேண்டும் என்றால் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்ப் பேசுங்கள், எந்த இல்லத்துக்கு ஆள் தேவை, என்ன அனுமதி வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். இல்லம் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். உங்களிடம் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்டால் சந்தோஷப்படுங்கள். எதுவுமே கேட்காமல் "எப்ப வேணா வாங்க சார், பசங்க இருப்பாங்க" என்று கதவைத் திறந்துவிடும் இடத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும், உங்களுக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கும். வார்டனையும் சமையல் அக்காவையும் பகைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாரம் ஒன்றரை மணி நேரம், அவர்கள் இராப்பகலாக அங்கேயே. பெயிண்ட் சிந்திய தரையை நீங்களே துடைத்துவிட்டுப் போங்கள்.

கொஞ்ச நாளில் மேடை கேட்பார்கள். ஆண்டு விழா, நன்கொடையாளர் வருகை, ஏதாவது ஒன்று வரும். முதல் ஆறு மாதம் மேடையே வேண்டாம் என்பது என் கருத்து. மேடை என்று வந்துவிட்டால் நன்றாக ஆடும் நான்கு பேர் முன்னால் வருவார்கள், ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை திரும்ப ஓரத்துக்கே போய்விடும். அப்புறம் பிள்ளைகளே "நாம போடலாம்ணா" என்று கேட்கும் நாள் வந்தால் போடுங்கள், யாரைக் கூப்பிடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, 18 வயது. இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு அந்தப் பிறந்தநாள் கொண்டாட்டமாக இருப்பதில்லை, வெளியேற வேண்டிய தேதியாகத்தான் இருக்கிறது. பின்பராமரிப்பு என்று 21 வயது வரை, சில சந்தர்ப்பங்களில் 23 வரை, உதவ சட்டத்திலும் விதிகளிலும் இடம் இருக்கிறது, ஆனால் யாராவது கூடவே நின்று படிவம் நிரப்பி அலைந்தால்தான் அது கைக்கு வந்து சேர்கிறது. ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ், ஹாஸ்டல் சீட்டு, முதல் மாச வாடகை என்று வரிசையாக வரும். இரண்டு வருஷம் ஒன்றாகப் பறை அடித்தவர்கள் அப்போது போன் பண்ணக்கூடிய ஆளாக இருக்க முடியும், அந்த வயதுக்குப் பிறகு நம்பர் கொடுப்பதில் தடையும் இல்லை, அமைப்பிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு வருஷம் உறுதி சொல்ல முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. தன்னார்வலர்களுக்கு ஒருநாள் களிமண் வேலை கற்றுக்கொடுக்கலாம், நல்ல தாளும் கரித்துண்டும் மாதாமாதம் வாங்கித் தரலாம், அமைப்பின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளலாம், பின்பராமரிப்புப் படிவங்களோடு அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வரலாம். பிள்ளைகளுக்கு முகம் காட்டாமல் செய்யும் இந்த வேலைகளுக்குத்தான் எங்கும் ஆள் பற்றாக்குறை. எது உங்களால் முடியும் என்று பார்த்து, உங்கள் மாவட்டத்தில் இருக்கும் அமைப்பிடம் அதை அப்படியே சொல்லிக் கேளுங்கள்.